உஷார்! பேஸ் கிட்டாருக்குக் கம்பி மாற்றப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்!

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை, பாவூர்சத்திரம் பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கிற தம்பி தங்கைகளே! பிள்ளைக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்துவிட்டு, அது வாசிக்கட்டும் என்று நிம்மதியாக இருக்கிற பெற்றோர்களே! ஆலயப் பாடகர் குழுவையும் மெல்லிசைக் குழுவையும் பொறுப்பெடுத்து நடத்துகிற பெரியவர்களே! கையில் இருக்கிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதை முழுசாகப் படித்துவிடுங்கள்.

சாரல் காலம் வந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்தால் மாற்றுவீர்கள். அவசரத்தில் கிடைத்ததை வாங்கி மாட்டுவீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

தவறான கம்பி கிட்டாரை உடைக்கும். விரலைக் கிழிக்கும். கண்ணுக்கே உலை வைக்கும்!

"சும்மா ஒரு கம்பிதானே, இதற்குப் போய் இவ்வளவு பயமுறுத்தலா?" என்று நினைக்கிறீர்களா? நீங்கள் மட்டுமல்ல, பேஸ் வாசிக்கிற பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கடையில் போய் "பேஸ் கம்பி ஒரு செட் குடுங்கண்ணே" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வருகிறார்கள். எத்தனை கம்பி, என்ன கனம், என்ன நீளம் என்று கேட்பதே இல்லை.

உங்கள் கையில் இருப்பது 80 கிலோ!

வழக்கமான நான்கு கம்பி பேஸில் சுருதி சேர்த்து நிறுத்தினால் ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 20 கிலோ இழுவையில் நிற்கிறது. நான்கும் சேர்ந்தால் சுமார் 80 கிலோ. வில்லுப்பாட்டு வில்லை நாண் வளைத்துப் பிடிக்கிற மாதிரி, இந்த 80 கிலோவும் கிட்டாரின் நெக்கை இரவு பகலாக முன்பக்கம் வளைக்கப் பார்க்கிறது. நெக்குக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு அதை எதிர்த்து நிற்கிறது. இரண்டு பலமும் சரிசமமாக இருக்கும் வரைதான் நெக் நேராக இருக்கும்.

கம்பியின் கனத்தை மாற்றினால் இழுவை மாறும். இழுவை மாறினால் நெக் நகரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கம்பியைத் தொடவே கூடாது.

அந்தப் பையனுக்கு நடந்ததைக் கேளுங்கள்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு பையன். பெயர் வேண்டாம். கல்லூரி முடித்தவன். ஞாயிறு காலை ஆலயத்தில் வாசிப்பான். முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவோடு போவான். பழைய நான்கு கம்பி பேஸ் ஒன்றைச் சேமித்த காசில் வாங்கியிருந்தான்.

ஆனி மாதம். சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. கம்பிகள் கறுத்துப்போய்விட்டன. வாரக் கடைசியில் ஒரு கல்யாண வரவேற்பில் கச்சேரி. அவசரமாக ஆன்லைனில் ஒரு செட் வரவழைத்தான். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐந்து கம்பி இருந்தது. வந்தது ஐந்து கம்பி பேஸுக்கான செட். அவனுக்கு அது தெரியவில்லை. "ஒண்ணு ஸ்பேர் குடுத்திருக்கான்" என்று சந்தோஷப்பட்டான்! கனமான பக்கத்திலிருந்து நான்கு கம்பியை வரிசையாக எடுத்து மாட்டினான். மெலிசாக இருந்த ஐந்தாவது கம்பியைப் பெட்டிக்குள் போட்டு வைத்தான்.

நெக்கின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் துண்டுக்கு நட் என்று பெயர். முதல் கம்பி அந்த நட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அவன் நிறுத்தவில்லை. ஆக்சா பிளேடை எடுத்துப் பள்ளத்தை அகலமாக்கினான். போனில் டியூனர் ஆப்பைத் திறந்தான். ஈ, ஏ, டி, ஜி. நான்குக்கும் பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரி என்று நம்பிவிட்டான்.

டியூனர் ஆப் சுருதியைத்தான் சொல்லும். இழுவையைச் சொல்லாது!

மறுநாள் காலையில் பார்த்தால் கம்பிகள் ஃப்ரெட்டை விட்டு உயரத் தூக்கி நின்றன. அழுத்தவே முடியவில்லை. நெக் முன்பக்கம் வளைந்திருந்தது. கூட்டாளி ஒருவன் வந்து பார்த்தான். "ஏல, டிரஸ் ராடை நல்லா முறுக்குனா நிமிந்திரும்ல" என்றான். கம்பியைத் தளர்த்தாமலே, அளவு சரியில்லாத ஆலன் கீயைப் போட்டு முறுக்கினார்கள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. உள்ளே "டக்" என்று ஒரு சத்தம். ராட் முறிந்துவிட்டது.

அதோடு போகவில்லை. என்னவென்று பார்க்கக் குனிந்தபோது ஜி சுருதிக்கு இழுத்த கம்பி டியூனிங் கீயின் அருகில் அறுந்து முகத்தில் அடித்தது. கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே. தையல் போட வேண்டியதாயிற்று.

அரை அங்குலம் மேலே பட்டிருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது!

கண் பிழைத்தது. கிட்டார் பிழைக்கவில்லை. உடைந்த ராடை எடுத்து நெக்கைச் சரிசெய்ய ஆகும் செலவு, அந்தப் பழைய பேஸின் விலையையே தாண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கச்சேரியும் போனது, வாங்கிய அட்வான்ஸையும் திருப்பிக் கொடுத்தான்.

அவன் சோம்பேறி இல்லை. அலட்சியக்காரனும் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

எங்கே தவறு நடந்தது?

ஐந்து கம்பி பேஸில் மிகக் கனமானது பி கம்பி. அது நொடிக்கு 31 முறை அதிர்வதற்காகச் செய்தது. நான்கு கம்பி பேஸின் கனமான கம்பி ஈ. அதன் அதிர்வு நொடிக்கு 41. அடுத்து ஏ 55, டி 73, ஜி 98. அந்தப் பையன் பி கம்பியை ஈ சுருதிக்கு இழுத்தான். ஈ கம்பியை ஏ-க்கும், ஏ கம்பியை டி-க்கும், டி கம்பியை ஜி-க்கும் இழுத்தான். ஒவ்வொன்றும் தன் அளவைவிட ஒரு படி மேலே போய்விட்டது.

ஒரே கம்பியை இப்படி ஒரு படி மேலே ஏற்றினால் அதிர்வு மூன்றில் ஒரு பங்குதான் கூடும். இழுவையோ அதிர்வின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது முக்கால் பங்குக்கும் மேலே எகிறும். 80 கிலோ தாங்க வேண்டிய நெக்கின் மேல் ஏறக்குறைய 140 கிலோ! இத்தனையும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நடக்கிறது.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

ஒன்று: கனம்.

உறைமேல் 45, 65, 85, 105 என்று நான்கு எண் போட்டிருக்கும். ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் இத்தனை பங்கு கனம் என்று அர்த்தம். 105 என்றால் சுமார் 2.7 மில்லிமீட்டர். நான்கு கம்பி பேஸுக்கு இது நடுத்தரமான, பரவலாகப் பயன்படும் அளவு. 40-இல் தொடங்கி 100-இல் முடிவது இலேசான செட். 50-இல் தொடங்கி 105-இல் முடிவது சற்றுக் கனமானது. கடைசி எண் 125 அல்லது 130 என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்! அது ஐந்து கம்பி செட். உங்களுக்கானது இல்லை.

பெயரைப் பார்த்து வாங்குவதும் ஆபத்து. அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் உலகத்தில் பெரிய ஆள். அவர் பெயரைச் சொல்லி லா பெல்லா நிறுவனம் விற்கிற செட் 52-இல் தொடங்கி 110-இல் முடிகிறது. மிகக் கனம், மிக இறுக்கம். உங்கள் பேஸ் தொழிற்சாலையிலிருந்து 45–100 செட்டோடு வந்திருந்தால், நெக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர் உதவி இல்லாமல் அதை மாட்டவே கூடாது. ஜேமர்சன் கம்பியை மாற்றாமலே வாசித்தார் என்ற கதையைக் கேட்டுவிட்டுத் துருப்பிடித்த கம்பியோடு இருக்கிறவர்களும் உண்டு. அவர் போட்டது மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போடுவது சுருள் சுருளான ரவுண்ட்வவுண்ட். இரண்டும் ஒன்றில்லை!

இரண்டு: நீளம்.

லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலிருந்து இன்றுவரை வழக்கமான பேஸின் அளவு 34 அங்குலம். ஆனால் பிள்ளைகளுக்கென்று வாங்கும் சின்ன பேஸ்களில் பல 30 அங்குலம். பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் வயலின் பேஸும் 30 அங்குலம்தான். அதைப் பார்த்துச் செய்த மலிவு மாடல்களும் ஏறக்குறைய அதே அளவு.

30 அங்குல பேஸில் நீளக் கம்பியை மாட்டினால் என்ன ஆகும்? கனமான பகுதியே டியூனிங் கீயின் தண்டைச் சுற்ற வேண்டி வரும். அவ்வளவு கனமான கம்பி அந்தச் சின்ன வளைவில் மடியாது. மேல்சுற்று பிளந்து கம்பி அறுந்துபோகும். 34 அங்குல பேஸில் குட்டைக் கம்பியை மாட்டினால் இன்னும் மோசம். நூல் சுற்றிய மெலிசுப் பகுதி நட்டின் மேலேயே வந்து உட்காரும். சுருதி நிற்காது. அறுவதும் அந்த இடத்தில்தான்.

சில பேஸ்களில் கம்பி உடலின் பின்பக்கத்திலிருந்து நுழைந்து வரும். அதற்கு இன்னும் கூடுதல் நீளம் தேவை. இதையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று: உலோகம்.

எலக்ட்ரிக் பேஸின் பிக்கப் காந்தத்தால் வேலை செய்கிறது. கம்பியில் இரும்போ நிக்கலோ இருந்தால்தான் அதற்குக் கேட்கும். அக்கூஸ்டிக் பேஸுக்கான வெண்கலச் சுற்றுக் கம்பியை எலக்ட்ரிக்கில் மாட்டினால் சத்தம் குறைந்துவிடும். பிக்கப் கெட்டுவிட்டதென்று நினைத்து அதையும் கழற்றிவிடுவார்கள். வேண்டாம்! ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி பளீரென்று ஒலிக்கும். ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ஸ்விங் பேஸ் 66 அப்படிப் பெயர் வாங்கியதுதான். ஆனால் அது கடினம். ஃப்ரெட்டைச் சீக்கிரம் தின்றுவிடும். ஃப்ரெட் இல்லாத பேஸாக இருந்தால் பலகையையே அரித்துவிடும். முதல் பேஸுக்கு நிக்கல் பூசிய ஸ்டீல் கம்பியே போதும்.

அக்கூஸ்டிக் வாசிக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. நைலான் கம்பிக்கென்று செய்த கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டாதீர்கள்! அது தாங்கும் இழுவை ஏறக்குறைய 40 கிலோ. ஸ்டீல் செட் 70 கிலோ இழுக்கும். பிரிட்ஜ் பலகையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

நான்கு: போலி.

டி'அடாரியோ, எர்னி பால் போன்ற பெரிய பெயர்களில் போலிக் கம்பிகள் ஆன்லைனில் உலவுகின்றன. அச்சு அசலாக உறை இருக்கும். உள்ளே இருப்பது தரமில்லாத கம்பி. மேல்சுற்று தளர்ந்து கரகரக்கும். நுனியில் இருக்கிற பித்தளைக் குண்டு கழன்று வரும். கழன்று வந்தால் 20 கிலோ இழுவையில் இருந்த கம்பி எங்கே பாயும் என்று சொல்ல முடியாது. டி'அடாரியோ செட்டின் உள்ளே ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதை அந்த நிறுவனத்தின் பிளேயர்ஸ் சர்க்கிள் பக்கத்தில் பதிந்து அசலா என்று பார்க்கலாம். பெரிய பெயர், பாதிக்கும் கீழே விலை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் உஷார்!

ஐந்து: ஆசை.

இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸையும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸையும் கேட்டுக் கேட்டுத்தான் நம் பிள்ளைகள் இந்தக் கருவியைத் தேடி வருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் "அந்தச் சத்தம் வர இந்தக் கம்பி போடு" என்று யாராவது சொன்னால் உடனே காசைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த இசை முதலில் காதிலிருந்தும் விரலிலிருந்தும் வந்தது. உங்கள் கருவி எதைத் தாங்கும் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சாரலே, நீயுமா!

குற்றாலச் சாரல் நமக்கு வரம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மழைத்தூளைத் தென்காசி வரை கொண்டுவந்து கொட்டுகிறது. ஐந்தருவியிலும் பேரருவியிலும் கூட்டம் அலைமோதுகிறது. நமக்குக் குளிர்ச்சி. ஸ்டீல் கம்பிக்கோ அதுதான் எதிரி!

ஈரக்காற்றும் விரலின் வியர்வையும் சேர்ந்தால் கம்பி வேகமாகத் துருப்பிடிக்கும். வியர்வையில் உப்பு இருக்கிறது. நிக்கல் பூச்சு தேய்ந்த இடத்தில் துரு உள்ளே இறங்கி நடுக்கம்பியைத் தின்னும். வெளியே கறுப்புப் புள்ளிதான் தெரியும். உள்ளே பலம் போயிருக்கும். மரமும் ஈரத்தைக் குடிக்கும். நெக் தானாகவே கொஞ்சம் அசையும். இந்த நேரத்தில் தவறான கம்பியும் சேர்ந்தால் எரிகிற தீயில் எண்ணெய்தான்.

நம் பக்கத்துப் பழக்கம் ஒன்று. துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பியில் தேங்காய் எண்ணெய் தடவுவது. செய்யாதீர்கள்! சுற்றுக்குள் எண்ணெய் இறங்கி, தூசி ஒட்டிப் பிசினாகும். கம்பி செத்துப்போகும். மெஷின் ஆயிலும் வேண்டாம். பழைய கம்பியை வெந்நீரில் வேகவைத்துத் திரும்ப மாட்டுவதும் வேண்டாம். அழுக்குப் போகும், ஓரிரு நாள் சத்தமும் வரும். ஆனால் சாரல் நேரத்தில் சுற்றுக்குள் தங்கிய ஈரம் காயவே காயாது. முன்பு ஒருமுறை வளைந்த இடத்திலேயே கம்பி திரும்பவும் வளையும். அறுவது அங்கேதான்.

அருவிக்குப் போகும்போது கிட்டாரைக் கொண்டு போகிற பழக்கமும் இருக்கிறது. குளித்துவிட்டு ஈரக்கையோடு வாசித்து, அப்படியே உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடுகிறார்கள். ஊர் திரும்பித் திறந்தால் கம்பி செம்மண் நிறத்தில் இருக்கும். பிறகு அவசரம், பிறகு கிடைத்த கம்பி. கேடு இப்படித்தான் தொடங்குகிறது.

கம்பி வழியாக மின்சாரம் வரும்! உயிர் விஷயம் இது!

பெரும்பாலான எலக்ட்ரிக் பேஸ்களில் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். இரைச்சல் குறைய அப்படிச் செய்கிறார்கள். ஆம்ப்பின் எர்த் சரியாக இருக்கும் வரை பயமில்லை. ஆனால் மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிட்டுச் செருகுகிற பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறதா இல்லையா? ஜெனரேட்டரிலிருந்து தளர்ந்த ஒயரை இழுத்து, சாரலில் நனைந்த பலகைமேல் ஆம்ப் வைக்கிறார்களா இல்லையா? அந்த ஆம்ப்பில் கசிவு இருந்தால் உங்கள் விரலுக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் எதுவும் இல்லை. வாய் மைக்கில் பட்டால் மின்சாரம் உடம்பு வழியாகவே பாயும்.

இது கற்பனையில்லை. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சி நகரில் மேடையிலேயே, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். வயது 27. யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் 1976-இல் தன் வீட்டிலேயே கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 33.

கம்பியைத் தொடும்போது "சுர்ர்" என்று ஒரு சின்னக் கூச்சம் வந்தாலும் உடனே கையை எடுங்கள்! "லேசாத்தான் அடிக்குது" என்று வாசிக்காதீர்கள். கருவியைக் கீழே வைத்துவிட்டு மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். எர்த்தைச் சரிபார்த்த பிறகுதான் மறுபடி தொட வேண்டும். மேடைக்குப் போகும் மின்சாரம், கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வழியாகப் போகிறதா என்று கச்சேரிக்கு முன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள்!

* கம்பி நட்டின் பள்ளத்துக்குள் இறங்காமல் மேலே நிற்கிறது. கனம் தவறு. பள்ளத்தை அறுக்காதீர்கள், கம்பியைத் திருப்பிக் கொடுங்கள்.

* நூல் சுற்றிய வண்ணப் பகுதி நட்டின் மேலோ ஃப்ரெட் பக்கமோ வந்துவிட்டது. நீளம் போதாது.

* கனமான பகுதி டியூனிங் கீயின் தண்டைச் சுற்றுகிறது. நீளம் அதிகம்.

* சுருதி சேருவதற்கு முன்பே டியூனிங் கீ கல்லாக இறுகுகிறது. கனமான செட் மாட்டியிருக்கிறீர்கள். இன்னும் ஒரு சுற்றுகூடத் திருப்பாதீர்கள்.

* ஒரே இரவில் கம்பி ஃப்ரெட்டை விட்டு மேலே எழும்பிவிட்டது. நெக் வளைகிறது. உடனே நான்கையும் தளர்த்துங்கள்.

* எல்லாக் கம்பியும் ஃப்ரெட்டில் மோதிக் கரகரக்கிறது. இழுவை குறைந்து நெக் பின்பக்கம் போயிருக்கலாம்.

* கறுப்புப் புள்ளி, செந்துரு, விரலில் சொரசொரப்பு. கம்பியின் ஆயுள் முடிந்தது.

* மேல்சுற்றில் இடைவெளி தெரிகிறது, அல்லது நுனி பிரிந்திருக்கிறது. அந்தக் கம்பியை இறுக்கவே கூடாது.

* பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி விலகுகிறது. பழைய கம்பியாக இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதுக் கம்பியாக இருந்தால் பிரிட்ஜைச் சரிசெய்ய வேண்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் அளவெடுங்கள். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை டேப் வைத்து அளந்து இரண்டால் பெருக்குங்கள். 17 அங்குலம் வந்தால் உங்கள் பேஸ் 34. 15 வந்தால் 30. 16 வந்தால் 32. இதே நீளத்துக்கான செட்டைக் கேளுங்கள். பிறகு கம்பி கோத்திருக்கும் இடத்திலிருந்து நட் வரை அளந்து பாருங்கள். புதுக் கம்பியின் கனமான பகுதி அதைவிட ஓரிரு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, இப்போது என்ன கனம் போட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதையே வாங்குங்கள். உறை தொலைந்துவிட்டதா? டிஜிட்டல் காலிபர் இருக்கிற லேத் பட்டறையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள். மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்தால் அங்குலம் வந்துவிடும். கனத்தை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு படி மட்டும் மாற்றுங்கள். நெக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பழைய கம்பியை இறுக்கத்தோடு வெட்டாதீர்கள்! முழுசாகத் தளர்த்திய பிறகுதான் வெட்ட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் வேண்டவே வேண்டாம்.

நான்காவது, ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். வயலின் பேஸில் பிரிட்ஜ் ஒட்டாமல் சும்மா நிற்கும். நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் விழுந்துவிடும். திரும்ப வைக்க இடம் தெரியாது.

ஐந்தாவது, புதுக் கம்பியை டியூனிங் கீயின் தண்டைத் தாண்டி நான்கைந்து அங்குலம் விட்டு, வெட்டும் இடத்துக்குச் சற்று முன்பாகச் செங்குத்தாக மடித்துவிட்டு, அதற்குப் பிறகு வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சில கம்பிகளில் மேல்சுற்று நழுவி, புதுக் கம்பியே வீணாகிவிடும். தண்டில் இரண்டு மூன்று சுற்று மேலிருந்து கீழாக இறங்க வேண்டும்.

ஆறாவது, டிரஸ் ராட் விளையாட்டுப் பொருள் இல்லை. தெரிந்தவர் தொடட்டும். தொட்டாலும் கம்பியைத் தளர்த்தி, சரியான அளவு ஆலன் கீயால் கால் சுற்று. ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. இறுகினால் அங்கேயே நிறுத்த வேண்டும். பலத்தைக் காட்டினால் உடையும்.

ஏழாவது, சாரல் மாதங்களில் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியிலும் மேலிலும் துடையுங்கள். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஜன்னலோரச் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். எலிக்சர் போன்ற பூச்சுப் போட்ட கம்பிகள் விலை கூடுதல்தான். ஆனால் ஈரத்தை வெகுவாகத் தாங்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாசிக்கிறவருக்கு அது செலவு ஆகாது, மிச்சம்தான்.

பெற்றோர்களுக்கும் பெரியவர்களுக்கும்

பிள்ளை "கம்பி வாங்கக் காசு வேணும்" என்று கேட்டால் வாங்கிக் கொடுங்கள். "போன வருஷம்தானே வாங்கினே?" என்று திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்துதான் அவன் துருப்பிடித்த கம்பியிலும் போலிக் கம்பியிலும் வாசிக்கிறான். காசு கொடுக்கும்போது மூன்றே கேள்வி கேளுங்கள்: எத்தனை கம்பி? என்ன நீளம்? என்ன கனம்? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் அன்றைக்கு வாங்க வேண்டாம்.

ஆலயத்திலும் மெல்லிசைக் குழுவிலும் பொதுக் கருவி இருந்தால் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அந்தப் பேஸுக்குச் சரியான செட் ஒன்று எப்போதும் இருப்பில் இருக்கட்டும். பண்டிகைக்கு முந்தின ராத்திரி அலைய வேண்டியிராது.

இன்றைக்கே டேப்பை எடுங்கள். பேஸை அளந்து, நீளம், கனம், கம்பிகளின் எண்ணிக்கை மூன்றையும் ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி, உறையின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்து கம்பி வாங்கும்போது கடைக்காரரிடம் அதை நீட்டுங்கள். ஒரு எண் பொருந்தாவிட்டாலும் வாங்காமல் திரும்பி வாருங்கள். கச்சேரி போனால் போகட்டும், அடுத்த முகூர்த்தத்தில் இன்னொன்று வரும். கண் போனால் வராது!